ஹோம் தியேட்டருக்குக் கட்டுப்படியாகும் கேபிளும் ஸ்பீக்கர் ஒயரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர் என்று பழைய வட ஆற்காடு மாவட்டத்துப் பகுதிகளில் வீட்டு ஹாலில் 5.1 அமைப்பு (ஐந்து ஸ்பீக்கர்களும் தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபரும்) பொருத்த நினைப்பவர்கள், ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் நாலு பேரிடம் விசாரித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேபிள் என்று வரும்போது மட்டும் கடைக்காரர் எடுத்து வைப்பதையே வாங்கி வந்துவிடுகிறார்கள். அதனால் சிலருக்குத் தேவைக்கு மேல் பல மடங்கு செலவாகிறது. வேறு சிலருக்குச் செம்பின் விலையில் அலுமினியம் கிடைக்கிறது. இரண்டையும் தவிர்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: கடைக்குப் போகும் முன் என்னென்ன தெரிந்துவைத்திருக்க வேண்டும்?

தூரமும் ஓமும் தெரிந்தால் போதும். ஆம்ப்ளிஃபயர் வைக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒயர் உண்மையில் எந்த வழியாகப் போகப்போகிறதோ, அதாவது சுவரோரமாக, கதவு நிலையைச் சுற்றி, ஸ்பீக்கர் உயரத்துக்கு ஏறி, அந்த வழியிலேயே ஒரு நூலைப் பிடித்து அளந்து, ஒவ்வொன்றுக்கும் அரை மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணால் நேர்க்கோட்டில் பார்த்து மதிப்பிட்டால் பின்பக்க ஸ்பீக்கர்களுக்கு நிச்சயம் பற்றாமல் போகும். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடி ஹாலில் முன் ஸ்பீக்கர்களுக்கு மும்மூன்று மீட்டரும் நடு ஸ்பீக்கருக்கு இரண்டு மீட்டரும் போதும் என்றால், பின்னால் உள்ளவற்றுக்குப் பத்துப் பத்து மீட்டர்கூட ஆகலாம். ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்மறுப்பை, அதாவது மின்சாரத்துக்கு அது காட்டும் எதிர்ப்பை அளக்கும் அலகு. பெட்டியின் பின்புறத்தில் 4, 6 அல்லது 8 என்று அச்சிடப்பட்டிருக்கும். நம் ஊர்களில் பரவலாக உள்ள அசெம்பிள் செட்டுகளில் ஒரே பெட்டிக்குள் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை இணையாக இணைத்திருப்பது உண்டு. அப்போது ஆம்ப்ளிஃபயர் எதிர்கொள்வது 4 ஓம். செட்டைச் செய்து கொடுத்தவரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கேள்வி: எத்தனை ஸ்கொயர் ஒயர் வாங்க வேண்டும்?

இந்தப் பக்கத்தின் மிக முக்கியமான கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஸ்கொயர் என்பது கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் சொல்வது. ஒயரின் மின்தடை, ஸ்பீக்கரின் மின்மறுப்பில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நெடுநாளாகப் பின்பற்றப்படும் அளவு. அந்த எல்லையில் ஒலி குறைவது ஏறத்தாழ 0.4 டெசிபெல், சாதாரணமாகப் படம் பார்க்கும்போது அதைப் பிரித்தறிவது கடினம். மின்சாரம் ஒரு கம்பியில் போய் மற்றொரு கம்பியில் திரும்ப வேண்டும் என்பதால், தூரத்தை இரண்டால் பெருக்கித்தான் தடையைக் கணக்கிட வேண்டும்.

பல இழைகளால் ஆன செம்பு ஒயருக்கு, 1 ஸ்கொயர் எம்.எம். அளவில் கிலோமீட்டருக்கு 19.5 ஓமும், 1.5 ஸ்கொயரில் 13.3 ஓமும், 2.5 ஸ்கொயரில் 7.98 ஓமும் தரநிலைகள் அனுமதிக்கும் உச்சத் தடைகளாகும். இவற்றை வைத்துக் கணக்கிட்டால், 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1 ஸ்கொயர் ஒயரைச் சுமார் 10 மீட்டர் வரையும், 1.5 ஸ்கொயரை 15 மீட்டர் வரையும், 2.5 ஸ்கொயரை 25 மீட்டர் வரையும் கவலையின்றிக் கொண்டுபோகலாம். 6 ஓம் என்றால் இந்தத் தூரங்கள் முறையே ஏழரை, பதினொன்று, பதினெட்டு மீட்டராகக் குறையும். 4 ஓம் என்றால் ஐந்து, ஏழரை, பன்னிரண்டரை மீட்டர்.

ஆகவே நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு 1.5 ஸ்கொயரே போதுமானது. 4 ஓம் ஸ்பீக்கர் பின்சுவரில் இருந்தால் மட்டும் அந்த இரண்டு வரிகளுக்கு 2.5 ஸ்கொயர் வாங்கலாம். முன்பக்கத்துக்கும் அதையே வாங்க வேண்டிய அவசியமில்லை. ஒரே அமைப்பில் இரண்டு தடிமன் ஒயர்கள் இருப்பதால் எந்தக் கெடுதலும் நேராது. 4 ஸ்கொயர் ஒயரை விற்பவர் எவ்வளவு வற்புறுத்தினாலும், சாதாரண ஹாலுக்கு அது தேவையில்லை என்று உறுதியாகச் சொல்வேன். அது பல ஆம்ப்ளிஃபயர்களின் பின்புறத்துத் துளைக்குள் நுழைவதுகூடச் சிரமம்.

கேள்வி: கடையில் 23/76, 40/76 என்று சொல்கிறார்கள். அது எந்த அளவு?

முதல் எண் இழைகளின் எண்ணிக்கை. இரண்டாவது எண், ஒவ்வோர் இழையும் 0.0076 அங்குல விட்டம், அதாவது ஏறத்தாழ 0.19 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது என்பதைக் குறிக்கும். இதன்படி 14/76 என்பது 0.4 ஸ்கொயர், 23/76 என்பது 0.67 ஸ்கொயர், 40/76 என்பது 1.17 ஸ்கொயர், 70/76 என்பது 2 ஸ்கொயருக்குச் சற்றே மேல். மைக் செட் வேலை செய்பவர்கள் இன்றும் இந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள். வீட்டுக்கு 40/76 நன்றாகவே பொருந்தும். 14/76 ஒயரை இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் பயன்படுத்த வேண்டாம்.

வெளியுறையின் பருமனைப் பார்த்து ஒயரின் அளவை முடிவு செய்யாதீர்கள். விரல் தடிமனில் பளபளப்பான உறையும் அதற்குள் தலைமுடி போன்ற சில இழைகளும் கொண்ட ஒயர்கள் தாராளமாக விற்பனையில் உள்ளன. முனையைச் சீவி, உள்ளே இருக்கும் உலோகத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: ஸ்பீக்கர் ஒயர் என்று பெயரிட்டு விற்பதையே வாங்க வேண்டுமா? வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் ஒயர் ஆகாதா?

தாராளமாக ஆகும், பல வேளைகளில் அதுவே மேலானதும்கூட. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும், ஐ.எஸ். 694 தரநிலைக்குரிய ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற, பல இழைகள் கொண்ட நெகிழ்வான செம்பு ஒயர் தடிமனிலும் தடையிலும் ஒரு வரையறைக்கு உட்பட்டது. ஸ்பீக்கர் ஒயர் என்ற பெயரில் சுருளாக விற்பனைக்கு வரும் பலவற்றில் அப்படிப்பட்ட முத்திரை எதுவும் இருப்பதில்லை. எனவே குறைந்த செலவில் நம்பகமான பொருள் வேண்டுவோருக்கு என் முதல் பரிந்துரை, சாம்பல் நிற உறைக்குள் இரண்டு கோர் (தனித்தனி உறையிட்ட கம்பி) உள்ள 1.5 ஸ்கொயர் நெகிழ் கேபிள்தான். அதில் இரண்டு கோர்களும் வெவ்வேறு நிறத்தில் இருப்பதால் பிளஸ், மைனஸ் குழப்பமும் வராது.

தனித்தனி ஒயராக வாங்கினால் 90 மீட்டர் சுருளாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை; மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கடைகள் உண்டு. மேலே சொன்ன ஹாலுக்கு மொத்தத் தூரம் 28 மீட்டர் என்றால், அரை மீட்டர் உபரிகளையும் சேர்த்து நிறத்துக்கு 31 மீட்டராக இரண்டு நிறங்களில் வாங்கி, இரண்டையும் லேசாக முறுக்கி ஓட்டலாம்.

ஆனால் ஒரு முன்னெச்சரிக்கையை மிகுந்த அக்கறையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டு ஒயரிங் போலவே தோற்றமளிக்கும் ஒயரை ஸ்பீக்கருக்குப் பயன்படுத்தினால், பிற்காலத்தில் வேலைக்கு வரும் எலக்ட்ரீஷியன் அதை மின்வரி என்று எண்ணிவிடும் அபாயம் உண்டு. இரண்டு முனைகளிலும் "ஸ்பீக்கர்" என்று எழுதிய டேப்பை ஒட்டுங்கள். சுவிட்ச் பாக்ஸுக்குள் அந்த ஒயரை எக்காரணம் கொண்டும் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: வாங்கியது செம்புதானா என்று எப்படிக் கண்டறிவது?

சி.சி.ஏ. என்று கடைக்காரர்கள் சொல்வது, செம்பு முலாம் பூசிய அலுமினியம். மேற்பார்வைக்கு அது அசல் செம்பு போலவே இருக்கும். ஓர் இழையைத் தனியே எடுத்துப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். (வெள்ளீயம் பூசிய செம்பில் இதற்கு நேர்மாறாக, வெளியே வெள்ளையும் உள்ளே செம்பு நிறமும் தெரியும், அது நல்ல ஒயர்தான்.) எடையும் காட்டிக்கொடுத்துவிடும். செம்பின் அடர்த்தி 8.96, அலுமினியத்தின் அடர்த்தி 2.7 என்பதால், ஒரே அளவுள்ள இரண்டு சுருள்களைக் கைக்கொன்றாகத் தூக்கினாலே வித்தியாசம் தெரியும்.

சி.சி.ஏ. ஒயரின் மின்தடை, அதே தடிமனுள்ள செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆகவே அதைச் செம்பு அல்ல என்று சொல்லியே குறைந்த விலைக்கு விற்றால், ஓர் அளவு பெரியதாக வாங்கிப் பயன்படுத்தலாம், அதில் தவறில்லை. இருந்தாலும் பலமுறை மடித்தால் எளிதில் முறிவதாலும், திருகு முனைகளில் நாளடைவில் பிடி தளர்வதாலும், சுவருக்குள் பதிக்கும் வேலைக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. செம்பு விலையில் சி.சி.ஏ.வை விற்பது ஏமாற்று வேலை. பில்லில் "செம்பு" என்று எழுதித் தரும்படி கேளுங்கள். தயங்காமல் எழுதிக் கொடுக்கும் கடையில் வாங்குங்கள்.

கேள்வி: ஓ.எஃப்.சி., தங்க முலாம், அம்புக்குறி போட்ட கேபிள் ஆகியவற்றால் ஒலி மேம்படுமா?

ஓ.எஃப்.சி. என்பது ஆக்சிஜன் நீக்கப்பட்ட செம்பு. சாதாரண மின்செம்பைவிட அதன் கடத்துதிறன் ஒரு சதவீத அளவுக்கே கூடுதல். ஒயரைச் சற்றே நீளம் குறைத்து வெட்டினால் கிடைக்கும் ஆதாயமும் அதுவே. தங்கம் செம்பைவிடக் கடத்துதிறன் குறைந்த உலோகம். துருப்பிடிக்காது என்பதால்தான் அதை முனைகளில் பூசுகிறார்கள், அது பயனுள்ளதுதான். ஆனால் ஒலியின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஸ்பீக்கருக்குச் செல்லும் மின்சாரம் நொடிக்குப் பலமுறை திசை மாறுவது. அதனால் ஸ்பீக்கர் ஒயரின் மேல் அச்சிட்ட அம்புக்குறிக்குப் பொருளே இல்லை. இந்த மூன்றுக்காகவும் கூடுதலாகக் கேட்கப்படும் பணத்தை நல்ல சப்வூஃபருக்கோ நடு ஸ்பீக்கருக்கோ சேர்த்துவையுங்கள். அந்தச் செலவு காதுக்குக் கேட்கும்.

கேள்வி: வேலூர் வெயில் ஒயரைப் பாதிக்குமா?

அக்கினி நட்சத்திர நாட்களில் இங்கு வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். மாடியில், கான்கிரீட் தளத்துக்கு அடியில் ஓடும் ஒயர் அதைவிடவும் சூடாகும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் உயர்வதால், மேலே தந்த, 20 டிகிரிக்கு உரிய தடைகளோடு ஒப்பிட்டால் 45 டிகிரியில் தடை பத்தில் ஒரு பங்கு கூடியிருக்கும். எல்லைத் தூரத்துக்கு மிக நெருக்கமாக இருப்பவர்கள் ஓர் அளவு பெரிய ஒயரை வாங்க இது ஒரு காரணம்; மற்றவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

உள்ளே உள்ள செம்பு தெரியும்படி கண்ணாடி போன்ற உறையோடு வரும் ஒயர்கள் சில ஆண்டுகளில் பச்சை நிறமாக மாறுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது செம்பின் மேற்பரப்பில் ஏற்படும் மாற்றம். முனையை அரை அங்குலம் வெட்டிப் புதிதாகச் சீவி இணைத்தால் பெரும்பாலும் போதும். புதிதாக வாங்குவோர் நிறமுள்ள உறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

கேள்வி: ஒயரை எப்படிக் கொண்டுபோவது? வாடகை வீட்டில் என்ன செய்வது?

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் சுவர்ப் பூச்சுக்கு முன்பே முடிவெடுத்துவிட வேண்டும். மின்வரிகள் செல்லும் பைப்பில் ஸ்பீக்கர் ஒயரையோ, படத்தையும் ஒலியையும் கொண்டுசெல்லும் ஹெச்.டி.எம்.ஐ. கேபிளையோ சேர்த்து இழுப்பது ஆபத்தானது. உறை சேதமானால் 230 வோல்ட் நேராக ஸ்பீக்கர் முனைக்கு வந்துவிடும். தனி பி.வி.சி. பைப் போட்டு, மின்வரிப் பைப்பிலிருந்து ஓரடியாவது தள்ளிக் கொண்டுபோங்கள். இரண்டும் குறுக்கிட்டே ஆக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் குறுக்கிடட்டும். ஹெச்.டி.எம்.ஐ. கேபிளின் தலை அகலமானது என்பதால் முக்கால் அங்குலப் பைப்பில் நுழையாது. குறைந்தது ஒன்றேகால் அங்குலப் பைப்பும், கூர்மையான முழங்கைக்குப் பதிலாக அகன்ற வளைவும் தேவை. பைப்புக்குள் ஒரு நைலான் கயிற்றை விட்டுவைத்தால், பத்து ஆண்டுகள் கழித்துக் கேபிளை மாற்றும்போது சுவரை உடைக்க வேண்டியிராது.

வாடகை வீட்டில், வீட்டு உரிமையாளர் ஆணி அடிக்க ஒப்புக்கொண்டால் ஒயரை மூடும் பிளாஸ்டிக் பட்டையான கேசிங் கேப்பிங்கைத் தரையோரமாகப் பொருத்தலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால், இருபக்கம் ஒட்டும் டேப்பைச் சுண்ணாம்பு அடித்த சுவரில் நம்ப வேண்டாம். கோடையில் சுண்ணாம்போடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். தரை ஓரத்து டைல்ஸ் பட்டியில் ஒட்டினால் நிற்கும்.

கேள்வி: முனைகளை எப்படி இணைப்பது?

பத்து முதல் பன்னிரண்டு மில்லிமீட்டர் வரை உறையைச் சீவி, இழைகளை இறுக முறுக்கி, ஒரே ஓர் இழைகூட வெளியே நீட்டாமல் பொருத்துங்கள். பிளஸ் முனையிலிருந்து தப்பிய ஓர் இழை மைனஸைத் தொட்டால் ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் ஐ.சி. போய்விடக்கூடும். இந்த வேலையைச் செய்யும்போது ஆம்ப்ளிஃபயரின் மின் இணைப்பைத் துண்டித்திருக்க வேண்டும். ஒயர் முனையில் பொருத்திச் செருகும் பனானா பிளக் வசதிக்காக மட்டுமே. அடிக்கடி கழற்றி மாட்டுவோர் வாங்கலாம். ஸ்பிரிங் கிளிப் உள்ள செட்டுகளில் தடித்த ஒயர் நுழையாவிட்டால், பின் வடிவ லக்கை (சிறிய உலோக முனை) ஒயரில் அழுத்திப் பொருத்துவதே சரியான வழி. இழைகளில் பாதியை வெட்டிவிட்டு நுழைப்பது கூடாது.

பிளஸ்ஸும் மைனஸும் எல்லா ஸ்பீக்கர்களிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் தாழ்ந்த ஒலி மெலிந்து, வசனம் எங்கிருந்து வருகிறது என்றே புரியாமல் போகும். சந்தேகம் இருந்தால் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஒயரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஸ்பீக்கர்களில் கோன் (முன்புறக் கூம்பு) வெளிப்பக்கம் நகர வேண்டும்.

கேள்வி: இடது, வலது ஒயர்கள் ஒரே நீளத்தில் இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. மூன்று மீட்டர் வித்தியாசத்தால் ஏற்படும் தாமதம், நொடியின் கோடிக்கணக்கான பங்குகளில் ஒன்றுதான். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்கவே நொடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு ஆகிறது. நாற்காலியைச் சற்று நகர்த்தினாலே அதைவிடப் பெரிய மாற்றம் நேரும். மீதி ஒயரைச் சுருட்டி வைப்பதைக் காட்டிலும் அளவாக வெட்டிவிடுவதே நல்லது.

கேள்வி: எந்த ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்க வேண்டும்?

செட்டாப் பாக்ஸுக்கும் 1080 வரிப் படத்துக்கும் "ஹை ஸ்பீட்" வகை போதும். 4கே படத்தை 60 ஃப்ரேம், ஹெச்.டி.ஆர். (வெளிச்சமும் இருளும் விரிவாகத் தெரியும்) வசதியோடு பார்க்க நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்கும் "பிரீமியம் ஹை ஸ்பீட்" வேண்டும். 4கே 120 ஃப்ரேமில் ஓடும் புதிய கேம் கன்சோலுக்கு மட்டுமே 48 ஜிகாபிட் தாங்கும் "அல்ட்ரா ஹை ஸ்பீட்" தேவை. கடைகளில் 2.0, 2.1 என்று சொல்லும் எண்கள் கருவிகளுக்கு உரியவை. கேபிளைப் பொறுத்தவரை, அட்டைப்பெட்டியில் இந்தப் பெயரும், பிரீமியம், அல்ட்ரா வகைகளில் ஸ்கேன் செய்து சரிபார்க்கக்கூடிய சான்று லேபிளும் இருக்கின்றனவா என்பதையே பாருங்கள்.

இதில் செல்வது டிஜிட்டல் சிக்னல். கேபிள் போதுமானதாக இருந்தால் படம் முழுமையாக வரும். போதாவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும், திரை இடையிடையே கருப்பாகும். விலை உயர்ந்த கேபிளால் நிறம் கூடுவதோ ஒலி இனிமையாவதோ இல்லை. மூன்று மீட்டருக்குள் சாதாரணச் சான்று பெற்ற கேபிளே நிறைவாக வேலை செய்யும். புரொஜெக்டருக்காகப் பத்து மீட்டர் அல்லது அதற்கு மேல் கொண்டுபோக வேண்டியிருந்தால், ஒளியிழை கொண்ட ஆக்டிவ் கேபிளை வாங்குங்கள். அதில் திசை உண்டு. அனுப்பும் கருவிக்கான முனை எது, திரைக்கான முனை எது என்று பார்த்துப் பதிக்காவிட்டால் மறுபடியும் உருவ வேண்டிவரும்.

கேள்வி: டி.வி.யிலிருந்து ஒலியைக் கொண்டுவர ஆப்டிக்கல் நல்லதா, ஏ.ஆர்.சி. நல்லதா?

ஆப்டிக்கல் என்பது ஒலியை ஒளியாக அனுப்பும் கேபிள். ஏ.ஆர்.சி. என்பது ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகவே டி.வி.யின் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்குத் திருப்பி அனுப்பும் வசதி. இரண்டு கருவியிலும் ஏ.ஆர்.சி. என்று குறித்த ஹெச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஒரே ரிமோட்டில் ஒலியளவையும் மாற்றலாம். பழைய டி.வி.க்கோ அசெம்பிள் செட்டுக்கோ ஆப்டிக்கல் போதும். அதில் டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். ஆகிய 5.1 ஒலி வரும். ப்ளூரே வட்டிலுள்ள ட்ரூஹெச்.டி. போன்ற தரம் குறைக்கப்படாத ஒலிவகைகள் வராது. அவற்றுக்கு ஏ.ஆர்.சி.யின் மேம்பட்ட வகையான ஈ.ஏ.ஆர்.சி. வேண்டும்.

கேள்வி: சப்வூஃபரில் எப்போதும் "உம்ம்ம்" என்ற இரைச்சல் கேட்கிறது. கேபிளை மாற்றினால் போகுமா?

காரணத்தைப் பொறுத்தது. சப்வூஃபருக்குப் போகும் ஆர்.சி.ஏ. கேபிளில் பின்னலுறை (நடுக்கம்பியைச் சுற்றிய உலோகப் பின்னல்) இல்லாவிட்டால் பக்கத்து மின்வரிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே நுழையும். நடுக்கம்பி செம்பாலானதும் நெருக்கமான செம்புப் பின்னல் உடையதுமான ஆர்.ஜி. 59 (கேபிள் டி.வி. ஒயர் போன்ற கோஆக்சியல் வகை) கேபிளைத் தேவையான நீளத்துக்கு வாங்கி, இரு முனையிலும் ஆர்.சி.ஏ. பின்னைச் சால்டர் செய்தால் மிகக் குறைந்த செலவில் நல்ல சப்வூஃபர் கேபிள் கிடைத்துவிடும்.

அப்படியும் இரைச்சல் போகாவிட்டால், செட்டாப் பாக்ஸுக்கு வரும் டிஷ் அல்லது கேபிள் டி.வி. ஒயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் உடனே நின்றால், இரண்டு வெவ்வேறு எர்த் வழிகள் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டன என்று பொருள். எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் போர்டிலிருந்து இணைப்பதும், தேவைப்பட்டால் கேபிள் வரியில் மின்தொடர்பைப் பிரிக்கும் ஐசொலேட்டர் போடுவதும் தீர்வாகும். எர்த் பின்னை உடைத்துவிட்டால் சத்தம் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள், எர்த் இல்லாத கருவியில் பழுது ஏற்பட்டால் அதன் உலோகப் பெட்டியைத் தொடும் குழந்தைக்கு ஷாக் அடிக்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைச்சல் வந்தால், அது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கலாம். அதற்குக் கேபிளில் தீர்வு இல்லை.

கேள்வி: இவற்றை வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரை போக வேண்டுமா?

ஸ்பீக்கர் ஒயருக்காகப் போக வேண்டியதே இல்லை. இரண்டு கோர் செம்பு கேபிள் வேலூரிலும் இராணிப்பேட்டையிலும் திருப்பத்தூரிலும் நல்ல எலக்ட்ரிக்கல் கடைகளிலேயே கிடைக்கும். நீளமான ஒளியிழை ஹெச்.டி.எம்.ஐ. வேண்டுவோர் மட்டும், திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் வாங்கி, சுவருக்குள் இழுக்கும் முன்பே தரையில் விரித்துப் போட்டு முழுப் படம் ஒன்றை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: செட்டோடு வந்த மெல்லிய ஒயரை மாற்றியே ஆக வேண்டுமா?

முன் ஸ்பீக்கர்களுக்கு மூன்று மீட்டருக்குள் இருந்தால் அப்படியே இருக்கட்டும். பின்பக்கத்துக்கு எட்டாமல் நடுவில் முறுக்கி ஒட்டுப் போட்டிருந்தால், அந்த இரண்டு வரிகளை மட்டும் ஒட்டில்லாத 1.5 ஸ்கொயர் ஒயராக மாற்றுங்கள்.